சுவருக்கு அந்தப் பக்கம் சொன்ன பதில்

மரியபுஷ்பம் கொடுத்த கட்டன் சாயா, பால் விடாத டீ, கையைச் சுட்டது. பொன்முடியில் சாயா சுடும்போதே குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் பச்சைத் தண்ணீராகிவிடும். வெளியே மூடுபனி வாசற்படிவரை வந்து நின்றது. நான் மடியில் ஃபைலை விரித்து, அரசாங்கம் கேட்கச் சொன்ன கேள்வியை அரசாங்கத்தின் குரலிலேயே கேட்டேன்.

"பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து ஜெயில்லேருந்து பதினஞ்சு நாள் பரோல்ல வரதுக்கு மனு கொடுத்திருக்கார். அவர் வந்தா உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

மரியபுஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. மாதா படமும் எஸ்டேட் காலண்டரும் தொங்கிய சுவரைப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, குழாயடியில் நிற்பவளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"வரவேண்டாம்! இந்தப் படியில அவன் கால் படக் கூடாது. என் குக்கரைத் தூக்கிட்டுப் போன பய. அங்கேயே கெடந்து களி திங்கட்டும்!"

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பிறகு எதற்கு இவ்வளவு சத்தம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த அத்தியாயமே எழுத வேண்டியிருந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. 'கடுமையான ஆட்சேபம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மற்ற வீடுகளுக்கு நடந்தேன்.

எட்டும் ஒன்றுபோல

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் திருவனந்தபுரத்தில் புரொபேஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெயிலில் இருப்பவர் சில நாள் வீட்டுக்குப் போய்வர பரோல் கேட்டால் போலீஸ் ஒரு ரிப்போர்ட் கொடுக்கும், நாங்கள் ஒன்று கொடுப்போம். இவன் ஓடிவிடுவானா என்பது போலீஸின் கவலை. இவனை அக்கம்பக்கம் சேர்த்துக்கொள்ளுமா என்பது எங்கள் கவலை. அதற்காக வீடு வீடாகப் படி ஏறி இறங்க வேண்டும். என் முழங்கால் தேய்ந்தது அந்தப் படிகளில்தான்.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். ஒன்றில் சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மா. ஒன்று பூட்டிக் கிடந்தது. மீதி எட்டு. எட்டு வீட்டிலும் ஒரே பதில்.

"வேண்டாம் மேடம்."

"வந்தா தொந்தரவுதான்."

ஒரு பெண், அடுப்பை ஊதியபடியே, "மரியக்கா சொன்னதுதான் எங்களுக்கும்" என்றாள். மரியக்கா சொன்னது உனக்கு எப்படியம்மா தெரியும் என்று கேட்க வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியான பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாத ரோடு அது. என் மனசு பஸ்ஸில் இருந்தது.

கடைசியாகப் பேச்சியம்மா வீடு. அவள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். கர்ப்பப்பையில் கட்டி, ரத்தப்போக்கு, ஆபரேஷன். நாள் குறித்திருந்தார்கள். கூட இருக்க, கையெழுத்துப் போட, ரத்தத்துக்கு ஆள் பிடிக்க, மருந்துக்கு ஓட ஒரு சொந்த ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் 'பைஸ்டாண்டர்' என்று பெயர். பைஸ்டாண்டர் இல்லாமல் கட்டில் கிடைக்காது. பிள்ளையில்லாத பேச்சியம்மாவுக்கு இருந்த ஒரே ஆள் ஜெயிலில் இருந்தான். அவன் மனுவே அதற்காகத்தான்.

"நீங்க எழுதறத எழுதுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுதினேன். எட்டு வாக்குமூலம், எட்டும் ஒன்றுபோல. இவ்வளவு தெளிவான ரிப்போர்ட் என் சர்வீஸிலேயே கொடுத்ததில்லை என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். பரோல் தள்ளுபடியானது.

நாலாவது தடவைக்காரன்

சுடலைமுத்து உள்ளே இருந்தது நாலாவது தடவையாக. "நாலு தடவை உள்ளே போனவனுக்கு எதுக்கு பரோல்?" என்று கல்யாணப் பந்தியில்கூட என்னைக் கேட்டிருக்கிறார்கள். இலையில் அவியல் விழுந்துகொண்டிருந்தாலும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

முன்பே தண்டனை பெற்றவன் மறுபடி தப்புச் செய்தால் கோர்ட் கூடுதலாகக் கொடுக்கும். கொடுக்கட்டும். பரோல் விதிகளும் அவனுக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஆனால் எவ்வளவு நீட்டினாலும் அந்தத் தண்டனைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அன்றைக்கு அவன் வெளியே வரத்தான் போகிறான். பரோலில் வந்துபோய், வீட்டுக்குப் போகிற வழியும் தனக்குத் திறக்கிற கதவும் தெரிந்து வருகிறவன் உங்களுக்கு வேண்டுமா, ஒன்றும் தெரியாமல் வருகிறவன் வேண்டுமா? எனக்கு முதல் ஆள் போதும். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரலாம்.

அதற்காக என்னை இளகின மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று பரோல் கேட்ட ஒருவனின் வீட்டுக்கு நான் போனபோது, கதவைத் திறந்து உட்காரவைத்துக் காபி கொடுத்தது அந்த அம்மாதான். டிக்காஷன் நல்ல கனம். குடித்து முடித்துவிட்டு 'வேண்டாம்' என்று எழுதினேன். நான் நம்பி அனுப்பிய இன்னொருவன் திரும்பி வராமல் போலீஸ் தேடி அலைந்த கதையும் என் கணக்கில் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சுடலைமுத்து அந்த இரண்டு ரகமும் இல்லை. ஆளில்லாத வீட்டுப் பின்கதவு அவன் தொழில். கத்தி எடுத்ததில்லை, யாரையும் அடித்ததில்லை. பித்தளை விளக்கு, தண்ணீர் மோட்டார், கையில் அகப்பட்டது. ஒவ்வொரு முறை விடுதலையானதும் திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கும் தம்பானூரில் லாட்ஜ் எடுப்பான். பழைய கூட்டாளிகள் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். பத்து நாளில் மறுபடி போலீஸ் ஜீப். பொன்முடி பஸ் அதே தம்பானூரிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு தடவைகூட அவன் அதில் ஏறவில்லை.

ஏன் என்று ஜெயிலில் வைத்துக் கேட்டேன்.

"எந்த மூஞ்சியோட போவேன் மேடம்? மரியக்கா வாசல்ல நிப்பாளே" என்றான்.

அவன் திருட ஆரம்பித்தது அந்தக் குக்கரில்தான். லயத்திலேயே முதல் குக்கர். அது விசில் அடித்தால் பத்து வீடும் மணி பார்க்குமாம். ஒருநாள் விசில் நின்றது. ஊரான் வீட்டு மோட்டாரைத் திருடியதற்குத் தலைகுனியாதவன், அந்த ஐந்து லிட்டர் குக்கருக்காக வருஷக்கணக்கில் மலையேறவில்லை.

உடையாத காய்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பழவங்காடிக் கணபதி கோயிலடியில் பூஜைச் சாமான் கடை. கணபதிக்கு உடைக்கும் தேங்காய்தான் முக்கிய வியாபாரம். ஜெயிலிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் அங்கே ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்கள். காய் வாங்குபவர்களில் யார் உள்ளேயிருந்து வருகிறவர் என்று தன்னால் சொல்ல முடியும் என்பார் இவர்.

"எப்படித் தெரியும்? முகத்துலயா?"

"முகத்தை யாரு பார்த்தா? காய் உடையாது. ஒரு எறி எறிவான், முழுசா உருண்டு போகும். பொறுக்கி ரெண்டாவது தடவை எறிவான். கை ஓங்கிப் பழக்கம் விட்டுப் போயிருக்கும்லா?"

எனக்கு வராத துப்பறியும் புத்தி இந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று எரிச்சலாகத்தான் இருக்கும்.

பேச்சியம்மா இறங்கி வந்தாள்

பரோல் தள்ளுபடியான கொஞ்ச நாளில் பேச்சியம்மா என் ஆபீஸுக்கு வந்தாள். காலை முதல் பஸ். முகம் வெளுத்திருந்தது. கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்ததாகவும், ஆள் இல்லாததால் ஆபரேஷன் தேதி போய்விட்டதாகவும் சொன்னாள். புதுத் தேதி போட்ட சீட்டை மேஜையில் வைத்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை.

"தப்பா நெனைக்கக் கூடாது மேடம். நீங்க எட்டு வீட்டுலயும் போயி ஒரே ஆளுகிட்டதான கேட்டீங்க?"

"என்னம்மா சொல்றே? ஒவ்வொருத்தர்கிட்டேயும் தனித்தனியாத்தானே கேட்டேன்?"

"நீங்க தனியாத்தான் கேட்டீங்க. மரியக்கா சொன்னது பத்து வீட்டுக்கும் கேட்டுச்சே. எங்க செவுரு கூரை வரைக்கும் கெடையாது மேடம். பாதிதான். அங்க உப்பு இல்லன்னு சொன்னா கடைசி வீட்டுக்காரி எடுத்து வச்சிருப்பா. மரியக்கா வேண்டாம்னு சொன்ன பொறவு, அவளுக்குக் கேக்கும்படியா யாரு வரட்டும்னு சொல்லுவா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மரியபுஷ்பம் வீட்டில் தலைக்கு மேலே பழைய கட்சி பேனர் ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கட்டியிருந்தார்கள், எலிக்கும் சாரலுக்கும் தடுப்பாக. மற்ற வீடுகளிலும் சாக்கோ தார்ப்பாயோ இருந்தது. அதற்கு மேலே சுவர் இல்லை என்பதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. படித்தவள், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள், கூரையைப் பார்க்கத் தெரியவில்லை. எட்டு வாக்குமூலம் என்று பீற்றிக்கொண்டது ஒரே வாக்குமூலம். அதற்கு இந்தப் பெண் தன் ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என் தப்பை நானே எழுதினேன்

மேலதிகாரியிடம் போனேன். கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு நன்றாகவே துடைத்தார்.

"ரிப்போர்ட் கொடுத்து, ரிஜெக்டும் ஆயி. இனி எந்தா மேடம்? ஆளு ஹாபிச்சுவல் அல்லே?"

"ஹாபிச்சுவல்தான் சார், மறுபடி மறுபடி திருடறவன்தான். ஆனா இந்தத் தப்பு அவன் செஞ்சதில்லே, நான் செஞ்சது. அதை எழுதித் தரேன். மறு விசாரணைக்கு விடுங்க."

ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லாதபோது தன் ஃபைலில் தானே கரி பூசிக்கொள்கிறாளே என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'முதல் விசாரணை என் கவனக்குறைவால் பழுதானது' என்று எழுதி அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.  

மறுபடி மலையேறினேன். இந்த முறை எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. லயத்துக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் தண்ணீர்க் குழாய். விழுகிற தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். அங்கே நின்றுகொண்டு ஒவ்வொருவராக வரச் சொன்னேன்.

ஐந்து பேர், "வரட்டும் மேடம், பேச்சி பாவம்" என்றார்கள். இரண்டு பேருக்கு அவன் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. மரியபுஷ்பம் கடைசியாக வந்தாள். இடுப்பில் கை.

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னீங்களே?" என்றேன்.

"அது ஒங்ககிட்டயா சொன்னேன் சேச்சி? அவகிட்ட சொன்னேன்!" லயத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். "செவுத்துக்கு அந்தப் பக்கம் பேச்சி இருக்கான்னு தெரிஞ்சுதான சொன்னேன். அவன் எடுத்துட்டுப் போன அன்னிலேருந்து இவ ஒரு வார்த்தை, 'அக்கா, எம்புருசன் செஞ்சது தப்புதான்'னு சொல்லிருக்காளா? சொல்லல்ல. அந்த ஆத்திரம் எனக்கு. நீங்க வந்து கேட்டதும் சொல்லிட்டேன். அத நீங்க பேப்பர்ல எழுதிட்டுப் போவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டீங்களே!"

"போடச் சொன்னீங்க, போட்டேன். பேச்சிக்கு ஆபரேசன் மொடங்கும்னு நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அது என் ஃபாரத்தில் இல்லாத கேள்வி.

"அப்போ அவன் வரலாமா?"

"வரணும். வந்து என் முன்னால நிக்கணும். எத்தன வருசம் ஒளிவான்? ஜாமீனுக்கு ஆள் வேணும்னா நானே நிக்கேன். அவன் ஓடினா புடிச்சிட்டு வர போலீசால முடியாது, என்னால முடியும்."

திருட்டுக் கொடுத்தவளே திருடனுக்குப் பொறுப்பு நின்ற ரிப்போர்ட் அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை. பரோல் கிடைத்தது.

ஐந்து லிட்டர்

வெளியே வந்த அன்று சுடலைமுத்து பழவங்காடியில் காய் உடைத்தான். இரண்டு தடவை உருண்டு போயிற்று என்று எங்கள் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அவன் தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறினான். ஜெயில் கூலியில் வாங்கிய புதுக் குக்கர் பெட்டியோடு மடியில்.

மரியபுஷ்பம் வாசலில்தான் நின்றிருக்கிறாள். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது மூணு லிட்டருடா. என்னது அஞ்சு" என்றாளாம். அவ்வளவுதான். அவனுக்கு அழுகை வந்துவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது பேச்சியம்மா, ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்துக்கொண்டு. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஃப்ளாஸ்கில் கஞ்சியோடு மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்து வராந்தாவில் மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தான். ஒரு திருடன் அவ்வளவு பேர் நடுவில் பயமில்லாமல் ஓடியதை நான் பார்த்தது அங்கேதான்.

பதினைந்தாம் நாள், அவன் திரும்ப வேண்டிய நாள், நான் ஒரு ஃபைலும் பார்க்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய் எடுத்தேன். மத்தியானமே ஜெயிலிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் வந்துவிட்டான், கூட ஒரு பெண் வந்து, 'உள்ளே எடுத்துட்டு எனக்கு ரசீது தாங்க' என்று ஜெயில் வாசலில் நிற்கிறாள், என்ன செய்வது என்று கேட்டார்கள். வரும் வழியில் பழவங்காடியில் மரியபுஷ்பமே ஒரு காய் எறிந்திருக்கிறாள். ஒரு சில்லு எங்கள் கடைக்குள் வந்து விழுந்ததாம்.

மறுபடியும் அந்த வீடு

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு அவன் அடுத்த பரோல் மனு என் மேஜைக்கு வந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். மரியபுஷ்பம் வீட்டில் கட்டன் சாயா. இந்தத் தடவை சூட்டோடு குடித்தேன். நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். புது பேனர், வேறு கட்சி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடியே பேச்சி! சேச்சி வந்திருக்காங்க. ஒன் புருசன் வரலாமான்னு சர்க்கார் கேக்குது. வரட்டும்னு சொல்லுதேன், கேட்டியா?"

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம். "கேட்டுது மரியக்கா!" தெம்பான குரல். அதைத் தொடர்ந்து மூன்றாம் வீட்டிலிருந்து, "எங்களுக்கும் கேட்டுது!" ஐந்தாம் வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம்" என்று நானும் சுவரைப் பார்த்துக் கத்தினேன். "இனி ஒவ்வொருத்தரா குழாயடிக்கு வாங்க!"

லயமே சிரித்தது. நான் ஃபைலோடு இறங்கினேன். எல்லாருக்கும் முன்னால் குழாயடிக்கு வந்து நின்றது பேச்சியம்மா.

"நீ வரவேண்டாம்மா. அக்கம்பக்கத்துக்காரங்ககிட்டதான் ஆட்சேபம் கேக்கணும்."

"அதான் மேடம். நாலு தடவ உள்ள போயிட்டான். எத்தனையோ பேர் வந்து எத்தனையோ பேர்கிட்ட கேட்டாச்சு. அவன் வரலாமான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லியே."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். என் சர்வீஸில் ஒரு கைதியின் மனைவியிடம் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அவர் வந்தா உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யோசித்துச் சொன்னாள். "வரட்டும். ஆனா தம்பானூர்ல எறங்கினா லாட்ஜ் பக்கம் திரும்பக் கூடாது. நேரா பஸ் ஏறி வீட்டுக்கு வரணும். இல்லன்னா எனக்கு ஆட்சேபம் உண்டு. எழுதிக்கோங்க."

அந்த ரிப்போர்ட்டில் நான் சிபாரிசு செய்த ஒரே நிபந்தனை அதுதான். அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன்.